ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: ஜாக்கெட் வாங்கியாச்சு, இருட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு ஜெர்மனியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போனில் அது தானாகவே மாறிவிடும். காலையில் எழுந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கிய சந்தோஷம். அதன் விலை அன்று மாலைதான் தெரியும். முந்தைய நாள் ஆறு மணி வாக்கில் மறைந்த சூரியன், அன்றைக்கு ஐந்து மணிக்கே மறைந்துவிடும். கூடவே இந்தியாவுடனான நேர வித்தியாசம் மூன்றரை மணியிலிருந்து நாலரை மணி ஆகிவிடும். மாலை 6 மணிக்கு வகுப்பு முடிந்து, வீட்டுக்குப் பேசலாம் என்று போனை எடுத்தால் இங்கே ராத்திரி பத்தரை. அப்பா படுத்திருப்பார். அம்மா தூக்கக் கலக்கத்தில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

இப்போது இந்த மாற்றத்தைச் சந்திக்கும் இந்தியர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. கணக்குப்படி, 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் அதிகம். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் இந்தியர்களுக்குத்தான். பெரும்பாலானவர்கள் இன்ஜினியரிங் பக்கம். நீங்களும் இரண்டு, மூன்று வருஷம் வேலை பார்த்து, கொஞ்சம் சேர்த்து வைத்து, மாஸ்டர்ஸ் பண்ணலாம் என்று கிளம்புபவராக இருந்தால், அநேகமாக உங்கள் வகுப்பு அக்டோபரில் தொடங்கும். அதாவது, ஊர் பழகுவதற்கு முன்பே குளிர்காலம் வந்து நிற்கும்.

கிளம்பும் முன் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிர் பெரும்பாலும் காசு கொடுத்தால் தீரும் பிரச்சினை. காசால் தீராதவை வேறு: நான்கு மணிக்கே கவியும் இருட்டு, காலியாகும் விடுதி, சத்தமில்லாமல் நெருங்கி வரும் பிப்ரவரித் தேர்வு. இவற்றுக்கு அக்டோபரிலேயே திட்டம் போட்டால்தான் உண்டு.

எவ்வளவு இருட்டு?

சென்னை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில். மியூனிக் 48 டிகிரி, பெர்லின் 52 டிகிரிக்கு மேல். டிசம்பர் 21 வாக்கில் பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு உதித்து மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். பகல் மொத்தம் ஏழு மணி நாற்பது நிமிடம் போல. அதே நாளில் சென்னையில் பதினோரு மணி நேரத்துக்கும் மேல் பகல் உண்டு. உச்சி வேளையில்கூட பெர்லினில் சூரியன் தொடுவானத்திலிருந்து 14 டிகிரிதான் ஏறும். எதிரே நாலு மாடிக் கட்டடம் இருந்தால் உங்கள் ஜன்னலுக்கு வெயிலே கிடையாது. இதெல்லாம் மேகம் இல்லாத நாளின் கணக்கு. நவம்பரில் பல நாள் வானம் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். இன்ஸ்டாகிராமில் பார்க்கும் வெள்ளைப் பனி சில நாள்தான். மற்ற நாட்களில் இரண்டு, மூன்று டிகிரியில் தூறல்.

'நாங்க ஓ.எம்.ஆர். ஆபீஸ்ல பத்து மணி நேரம் ஏ.சி.க்குள்ளயே உட்கார்ந்தவங்க, எங்களுக்கு இது புதுசா?' என்று தோன்றலாம். இங்கே டீ குடிக்க வெளியே வந்தால் வெயில் காத்திருக்கும். அங்கே காத்திருக்காது. காலை எட்டு மணிக்கு இருட்டில் கிளம்பி, மாலை ஐந்து மணிக்கு இருட்டில் திரும்பினால், ஒரு வாரம் முழுக்க சூரியனைப் பார்க்காமலே போய்விடும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது குறைந்தால் தூக்கம் தள்ளிப்போகும், பகலில் அசதி, இனிப்பும் மாவுமாகச் சாப்பிடத் தோன்றும், எதிலும் ஆர்வம் இருக்காது. நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-ல் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். குளிர்காலத்தில் சோர்வாக இருக்கும் எல்லோருக்கும் அந்த நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் 'நான் சோம்பேறி ஆயிட்டேன்' என்று உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன், வெளிச்சக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

செய்யக்கூடியது மிகச் சாதாரணமான ஒன்றுதான். மதிய வேளையில் அரை மணி நேரம் வெளியே நடங்க. மேகம் மூடியிருந்தாலும் சரி. அறை விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டாது. மேகமூட்டமான வெளிப்புறத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் நூலகத்துக்குத் திரும்பாமல் ஒரு சுற்று நடப்பதைப் பழக்கமாக்கினால், ஏழு மாதம் தாக்குப்பிடிக்க அதுவே பாதி வழி. 10,000 லக்ஸ் விளக்குகளும் கடையில் கிடைக்கின்றன. காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரம் அதன் முன் உட்கார வேண்டும். கண் நோயோ பைபோலார் பிரச்சினையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விளக்கு கட்டாயம். இல்லாமல் போலீஸிடம் மாட்டினால் 20 யூரோ அபராதம்.

வைட்டமின் டி மாத்திரை போடணுமா?

ஜெர்மனியில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை, தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. நம்மைப் போல நிறமுள்ள தோலுக்கு இன்னும் அதிக வெயில் தேவை. நம்மில் பலர் இங்கிருந்தே குறைபாட்டோடுதான் கிளம்புகிறோம். எனவே கிளம்பும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உடம்பில் உற்பத்தி இல்லாதபோது தேவைப்படுவதாக ஜெர்மன் ஊட்டச்சத்து அமைப்பு சொல்வது நாளொன்றுக்கு 800 யூனிட். இங்கே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் மாத்திரையை பெட்டி நிறைய வாங்கிப்போய் கணக்கில்லாமல் விழுங்காதீங்க. அது குறைபாட்டுக்கான சிகிச்சை. மருத்துவர் சொல்லும் காலம் வரைதான்.

பெட்டியில் என்ன வைப்பது?

கனமான ஜாக்கெட்டை இங்கே வாங்கிப் பெட்டியின் எடையைக் கூட்டாதீங்க. அங்கே அந்தக் குளிருக்கென்றே தைத்தது கிடைக்கும். கிளைன்அன்ட்ஸைகன், வின்டட் போன்ற தளங்களில் பழசு பாதி விலைக்கும் கீழே வரும். தெர்மல் உள்ளாடை, உல்லன் சாக்ஸ் மட்டும் இங்கிருந்தே போதும். அங்கே கடையில் வாங்கும் டி-ஷர்ட்டின் லேபிளைப் பார்த்தால் இந்தியத் தயாரிப்பு என்று இருக்கும். திருப்பூரில் தைத்ததாகக்கூட இருக்கலாம். ஐந்து மடங்கு விலை கொடுத்து நம்ம ஊர் பனியனை வாங்குவானேன்?

ஒரே தடிமனான துணியைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் அல்லது உல்லன், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பேருந்து, வகுப்பறை, சூப்பர் மார்க்கெட் எல்லாமே உள்ளே இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் என்பதால் கழற்றி மாட்டத் தோதாக இருக்க வேண்டும். காட்டன் பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் அதுவே குளிரும். ஷூ மட்டும் புதிதாக வாங்குங்க, தடித்த சாக்ஸுக்காக அரை அளவு பெரிதாக. ஜனவரிக் காலையில் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். நம்ம ஊர் ஸ்னீக்கர் அதில் நிற்காது.

ஹீட்டர், ஜன்னல், சாம்பார்

அறைக்குள் நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பணம் அதிகம் கரைவதும், வீட்டுக்காரரோடு சண்டை வருவதும் இங்கேதான்.

ரேடியேட்டரில் 1 முதல் 5 வரை எண் போட்ட ஒரு குமிழ் இருக்கும். நம் ஆட்கள் அதை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்து, குளிருகிறது என்றால் 5-ல் வைத்துவிடுவார்கள். அது வேகத்துக்கான எண் இல்லை. அறை எட்ட வேண்டிய வெப்பநிலை. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு டிகிரி போல. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. 28 டிகிரி வரை விடாமல் எரியும், அவ்வளவுதான். 3-ல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதுதான் அந்த ஊர் வழக்கம். வெளியே போகும்போது முழுவதும் அணைக்காமல் குறைத்து வைங்க. சுவர் குளிர்ந்துவிட்டால் மறுபடி சூடாக நேரம் பிடிக்கும், குளிர்ந்த சுவரில் ஈரமும் படியும்.

அடுத்தது அந்த ஈரம். நாலு பேர் இருக்கும் அறையில் குக்கர் நாலு விசில், கொதிக்கும் சாம்பார், சுடுநீர்க் குளியல், ரேடியேட்டர் மேல் காயும் துணி. இத்தனையும் காற்றில் நீராவியாகச் சேரும். இங்கே ஜன்னல் எப்போதும் திறந்திருப்பதால் நாம் கவனித்ததில்லை. அங்கே ஜன்னல்கள் காற்றுப் புகாதபடி இறுக மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத ஈரம், குளிர்ந்த மூலையில் படிந்து கறுப்புப் பூஞ்சையாக மாறும். அது மூச்சுக்கு நல்லதல்ல. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்தும் பிடித்தம் வரும். அந்த அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாத வாடகை வரை இருக்கலாம் என்பதை நினைவில் வைங்க.

இதற்கு ஜெர்மானியர்கள் செய்வதன் பெயர் 'ஷ்டோஸ்லூஃப்டன்'. நாளுக்கு இரண்டு, மூன்று முறை ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுவதுமாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, மறுபடி மூடிவிடுவது. மைனஸ் டிகிரியிலும் இதைச் செய்கிறார்கள். முதலில் பார்க்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் ஈரக்காற்று மட்டும் வெளியே போகும், சுவரின் சூடு அப்படியே இருக்கும். ஜன்னலை மேல்பக்கம் லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் தவறு. காற்றும் மாறாது, சுவரும் குளிரும், பில்லும் ஏறும். சமையல் வாசனைக்கு பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கும் பிரச்சினையும் இதிலேயே பாதி தீரும்.

பணம் எங்கே போகும்?

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கையில் வரும். விண்ணப்பிக்கும் முன் தூதரகத் தளத்தில் அப்போதைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்க. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் இதில் 140 யூரோவுக்கு மேல் போகும். மியூனிக் போன்ற ஊரில் வாடகை மீதியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

வாடகையில் இரண்டு எண்கள் சொல்வார்கள். 'கால்ட்' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஹீட்டருக்காக மாதாமாதம் கட்டுவது வெறும் முன்பணம். ஆண்டு முடிந்ததும் உண்மையான செலவைக் கணக்கிட்டு மீதியைக் கேட்பார்கள். கணக்கைக் கொடுக்க வீட்டுக்காரருக்கு 12 மாத அவகாசம் உண்டு. முதல் ஜனவரியில் 5-ல் வைத்த குமிழுக்கான பில், குளிரையே மறந்துவிட்ட ஏதோ ஒரு ஜூலையில் வரலாம். பெரும்பாலான மாணவர் விடுதிகளில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே தொகையில் அடங்கிவிடும். வீட்டில் டி.வி.யே இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது வீட்டுக்கு ஒன்றுதான். கூட இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். கடிதத்தைக் குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.

இதைச் சமாளிக்க நவம்பர், டிசம்பரில் பார்சல் கிடங்குகளில் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே இரவு ஷிப்ட் எடுப்பது, என் பார்வையில், மோசமான கணக்கு. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால், கிடைக்கிற ஏழரை மணி நேர வெளிச்சமும் போய்விடும். வகுப்பும் போகும்.

நவம்பர் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது?

நம்ம ஊரில் இன்டர்னல், மாடல், அட்டெண்டன்ஸ் என்று யாராவது துரத்திக்கொண்டே இருப்பார்கள். அங்கே பல பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றுதான் மொத்த மதிப்பெண். வகுப்புக்கு வந்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. இருட்டும் அசதியும் சேரும்போது, நவம்பரில் வகுப்பைத் தவிர்ப்பது ரொம்ப சுலபம். பிப்ரவரியில்தான் அது வட்டியோடு வரும்.

இன்னொரு வலை, தேர்வுக்கான பதிவு. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வு எழுதலாம் என்று அர்த்தமில்லை. பல பல்கலைக்கழகங்களில் தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதிய வேண்டும். கடைசித் தேதி நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கும், துறைக்குத் துறை மாறும். தவறவிட்டால் கெஞ்சிப் பயனில்லை. ஒரே தேர்வில் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றுவார்கள். விசாவும் அதோடு ஆட்டம் காணும். தேர்வு நாளில் காய்ச்சல் என்றால், அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்க. போகாமல் இருந்துவிட்டால் ஃபெயில் கணக்குதான். அதனால் நல்லா இருக்கும்போதே ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து வைப்பது முக்கியம்.

டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடும் முன் ஒரு விஷயம். நீங்கள் நுழைந்த விசா பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு மாதத்துக்குத்தான். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். தேதியைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீங்க.

டிசம்பர் 24 மதியம்

நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்கியதும் ஊரே விளக்கால் நிறைந்து, கொஞ்சம் தெம்பு வரும். வகுப்பு நண்பர்களோடு போய் நின்று ஏதாவது சூடாகக் குடியுங்க. ஒயின் வேண்டாமென்றால் 'கிண்டர்புன்ஷ்' என்று கேட்டால் மதுவில்லாமல் கிடைக்கும். ஜெர்மானிய நட்புகள் பெரும்பாலும் இந்த நாலு வாரத்தில்தான் இளகும்.

24-ம் தேதி மதியம் இரண்டு மணி வாக்கில் எல்லாக் கடைகளும் மூடிவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எப்போதுமே கடை கிடையாது. 2026-ல் 27-ம் தேதி ஞாயிறாக வருவதால் மூன்று முழு நாட்கள் தொடர்ந்து மூடல். பல்கலைக்கழக கேன்டீன் இருக்காது, நூலகம் பல இடங்களில் பூட்டியிருக்கும். ஜெர்மானிய மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தமே இல்லாத விடுதி எப்படி இருக்கும் என்பது அனுபவித்தால்தான் புரியும். நம்ம ஊர் தீபாவளியன்று ஹாஸ்டலில் தனியாக மாட்டிக்கொண்டது மாதிரி, ஆனால் இரண்டு வாரத்துக்கு.

எனவே அந்த நாட்களுக்கு முன்பே ஆள் சேருங்க. ஊரிலேயே இருக்கும் சீனர், ஈரானியர், பிரேசில்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். அரிசியும் பருப்பும் 23-ம் தேதியே வாங்கி வைத்துவிட்டு, 25-ம் தேதி ஒரு பெரிய சமையல் உங்கள் சமையலறையில் என்று சொல்லிப் பாருங்க. யாரும் மறுக்க மாட்டார்கள்.

பக்கத்தில் தமிழ் பேசுறவங்க இருப்பாங்களா?

இருப்பார்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. 1983 கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்கள் ஜெர்மனியில் தஞ்சமடைந்தார்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தோடு கட்டப்பட்ட ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோவில்களில் அதுவும் ஒன்று. பல நகரங்களில் அவர்கள் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்ல அரிசி கிடைக்கும். அங்கே காய்கறிக்குப் பெயர் 'மரக்கறி'. கடைக்கார அண்ணனிடமோ அக்காவிடமோ இரண்டு வார்த்தை பேசினால், பொங்கல் விழா எந்த மண்டபத்தில் என்பதும் தெரிந்துவிடும். பொங்கலுக்கு லீவு கிடையாது. பெரும்பாலும் அடுத்து வரும் சனிக்கிழமையில்தான் கொண்டாட்டம்.

அதே சமயம், தமிழ் ரூம்மேட், தமிழ் வாட்ஸ்அப் குரூப், தமிழ்ப் படம் என்று முழுக்க ஒரு கூட்டுக்குள் போய்விடவும் வேண்டாம். வேலை தேடும்போது ஜெர்மன் மொழி தேவைப்படும். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் சொற்பக் கட்டணத்தில் பேட்மின்டனும் நீச்சலும் உண்டு. உடம்பு அசையும், மொழியும் வரும்.

வெறும் சோர்வா, அதற்கு மேலா?

வீட்டு ஞாபகம் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல், குளிக்கவே தோன்றாமல், போன் எடுக்காமல் இருந்தால் அது வேறு. 'இத்தனை லட்சம் கடன் வாங்கி அனுப்பியிருக்காங்க, இதையெல்லாம் எப்படிச் சொல்றது?' என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அங்கேயே சொல்ல ஆள் உண்டு. மாணவர் நலனுக்கான 'ஷ்டுடியேரண்டன்வெர்க்' அமைப்பின் உளவியல் ஆலோசனை ரகசியமானது, பல ஊர்களில் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். நேரில் வர முடியாதபடி நடு இரவாக இருந்தால், 0800 111 0 111 என்ற தொலைபேசி ஆலோசனை எண் நாள் முழுக்க இயங்கும். கட்டணம் இல்லை, பேச்சு பெரும்பாலும் ஜெர்மனில். மருத்துவமனை மூடிய நேரத்தில் மருத்துவர் வேண்டுமென்றால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால், உங்களுக்கோ பக்கத்து அறை நண்பருக்கோ, யோசிக்காமல் 112.